மண்டோர் வீட்டுப் பெயர்

சரளா சொன்ன செய்தியைவிட அதைச் சொன்ன விதம்தான் கஸ்பாருக்குப் பிடிக்கவில்லை. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, அதன் சூடு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவள் போல முகத்தைத் தாழ்த்தியபடியே கேட்டாள்.

"உங்க பேத்தி மிஷெலுக்கு ஒடம்புக்கு ஏதும் பண்ணுதாண்ணே?"

"ஏன்? நல்லாத்தானே இருக்கா."

"இல்லலா, எங்க தனேஷ் சொன்னான். ரெஹாட் மணி அடிச்சா கேண்டீன் பக்கமே வாரதில்லையாம். நேரா கவுன்சலிங் ரூமுக்குப் போயி கதவச் சாத்திக்கிறாளாம். நான் அவனத் திட்டினேன். சீ, மண்டோர் வீட்டுப் பிள்ளைடா, அங்கெல்லாம் போவாளான்னு." சரளா நிமிர்ந்தாள். "சம்பல்ல நேத்து காரமே இல்லண்ணே. பெட்ரீசியாகிட்ட சொல்லுங்க."

சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

சிம்பாங் பூலாய் சந்திப்பில், சாலையோரக் குடையின் கீழே, மருமகள் பெட்ரீசியா காலையில் நாசி லெமாக் விற்கிறாள். பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து பழுப்புக் காகிதத்தையும் வாழையிலைத் துண்டையும் அடுக்கிக் கொடுப்பது கஸ்பாரின் வேலை. வியாபாரத்தில் அவர் கை வைக்க மாட்டார். வாங்க வருகிறவர்கள் அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத்தான் பெட்ரீசியாவிடம் பேசுவார்கள். அது அவருக்குப் போதும். கல்லுமலையில் உடைத்த கல்லை ஏற்றிய லோரிகள் வரிசையாகப் போகும்போது எழும் வெள்ளைப் புழுதி பானையில் விழாதபடி மூடியை இழுத்து வைப்பாள் பெட்ரீசியா. அன்று லோரி போயும் அவள் மூடவில்லை. சரளா சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது.

"மாமா, அது ஒண்ணும் இருக்காது."

"ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியாது மாமா."

கஸ்பார் அவள் முகத்தைப் பார்த்தார். தெரியாது என்றுதான் தோன்றியது. ஆனாலும் முழுதாக நம்பவில்லை. வீட்டுப் பெண்கள் ஒருவருக்காக ஒருவர் மறைப்பார்கள் என்பது அவர் எண்ணம்.

கோப்பெங் பக்கம் ஊசிமலைத் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர் அவர். ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து, வேலையை மேற்பார்த்து, நல்லது கெட்டதற்கு முன்னால் நின்றவர். தோட்டம் போய், ரப்பர் போய், அங்கே செம்பனை வந்து, அதிலும் பாதியை வெட்டி வீடுகள் கட்டியாகிவிட்டது. மண்டோர் என்ற பெயர் மட்டும் அவரோடு இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தது. மகன் ஜோனதன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறான், மாதக் கடைசியில் வருவான். அவன் இல்லாதபோது இந்த வீட்டின் பெயருக்குக் காவல் தாம்தான் என்று கஸ்பாரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

கவுன்சலிங் அறைக்கு யார் போவார்கள்? கழிப்பறையில் சிகரெட் பிடித்த பையன்கள் போவார்கள். பையனோடு சுற்றிப் பிடிபட்ட பெண்கள் போவார்கள். இல்லையென்றால் தலையில் கோளாறு உள்ளவர்கள். மிஷெல் இதில் எந்த வகை? காகிதத்தை மடித்துக்கொண்டே ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். எந்த இடத்திலும் அவளை வைக்க முடியவில்லை. வைக்க முடியாததாலேயே சந்தேகம் கூடியது.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் மழை. மலைகளின் தலை தெரியவில்லை. சமையலறையில் பெட்ரீசியா மறுநாளுக்கு மிளகாய் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். மேசையில் மிஷெலும் தினேஸ்வரியும் உட்கார்ந்து நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். தினேஸ்வரி நாலு வீடு தள்ளி இருக்கிற தர்மேந்திரனின் மகள். மிஷெலோடு நான்காம் படிவத்தில் ஒரே வகுப்பு. அம்மா இறந்தபிறகு அநேகமாகச் சாயங்காலச் சாப்பாடு இங்கேதான்.

கஸ்பாருக்கு அந்தப் பெண்ணின் மேல் நல்ல மதிப்பு. இந்த வருடத்திலிருந்து அவள் பள்ளிக்கு மற்றத் தமிழ்ப் பிள்ளைகளைப் போல அரைக்கைச் சட்டையும் பினஃபோரும் போடுவதில்லை. முழங்கை தாண்டி மணிக்கட்டு வரை மூடுகிற பாஜு கூரோங் என்ற மலாய் உடைதான். வீட்டிலும் அப்படியே, எவ்வளவு புழுங்கினாலும் நீளக்கைச் சட்டை.

"பாத்துக்க மிஷெல். தாயில்லாத பிள்ளை. எவ்வளவு அடக்கமா உடுத்துது. நீயும் அடுத்த வருசம் பாஜு கூரோங் போட்டுக்க."

தினேஸ்வரி கையிலிருந்த நெத்திலியைத் தலையோடு தட்டில் போட்டாள்.

"ஆமா, ரெஹாட் நேரத்துல நீ எங்க போற?"

"கேண்டீனுக்குத் தாத்தா."

"கேண்டீனுக்கா?"

"சில நாளு லைப்ரரிக்கு."

"கவுன்சலிங் ரூமுக்குப் போறதில்ல?"

மிளகாய்ப் பாத்திரத்தைத் தூக்கிய பெட்ரீசியா அப்படியே நின்றாள். மிஷெல் தலையைத் தூக்கித் தாத்தாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இருந்திருந்தால் கஸ்பார் சமாதானமாகியிருப்பார். பயம் இல்லை. வாயைக் கெட்டியாக மூடிக்கொண்ட ஒரு பிடிவாதம் இருந்தது. ஜோனதனிடம் அது கிடையாது. எங்கிருந்து வந்தது என்று அவருக்கு அந்த நேரத்தில் யோசிக்கத் தோன்றவில்லை.

"போறேன் தாத்தா."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா போயிக் கதவச் சாத்திக்கிட்டு என்னா செய்வீங்க? பூ கட்டுவீங்களா?"

"மாமா, பிள்ளைய விடுங்க. கூட ஒரு பிள்ளை உட்காந்திருக்கு" என்றாள் பெட்ரீசியா.

தினேஸ்வரி எழுந்து, "வாரேன் ஆன்ட்டி" என்று முனகிவிட்டுச் சாப்பிடாமலே மழையில் இறங்கிப் போனாள். வெளி ஆள் முன்னால் வீட்டு விஷயத்தைப் பேசியது தம் தவறு என்று கஸ்பார் நினைத்துக்கொண்டார். அதற்குமேல் நினைக்கவில்லை.

அதன் பிறகு அவர் பேத்தியைக் கவனிக்க ஆரம்பித்தார். கைப்பேசியைக் குப்புற வைக்கிறாளா, குளியலறைக்கும் எடுத்துக்கொண்டு போகிறாளா என்று பார்த்தார். பள்ளிப் பையை நகர்த்துவது போலத் தூக்கிப் பார்த்தார். ஒருமுறை அறைக் கதவின் பக்கம் நின்றபோது, "சொல்ல மாட்டேன்டி. மாதா மேல சத்தியம்" என்று அவள் கைப்பேசியில் பேசுவது கேட்டது. மாதாவின் பெயரைச் சொல்லி மறைக்கிற அளவுக்கு என்ன இருக்கிறது? பிள்ளைகள் இந்த வயதில் மறைப்பது ஒன்றே ஒன்றுதான். எந்தப் பையன், எந்தச் சாதி, எந்தக் கோயில் என்று மனம் போகாத இடமெல்லாம் போய் வந்தது.

ஒரு நாள் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் பள்ளிக்குப் போனார்.

கவுன்சலிங் அறை ஒரு மூலையில் இருந்தது. சன்னலுக்குத் திரை. உள்ளே ஒரு பழைய சோபா, தண்ணீர் கொதிக்க வைக்கிற கெத்தில், மைலோ டின், பிஸ்கட், நடு மேசையில் ஒரு டிஷ்யூப் பெட்டி. அந்தப் பெட்டியைப் பார்த்ததும் கஸ்பாருக்கு எரிச்சல் வந்தது. பிள்ளைகளை அழவைத்து விஷயத்தைப் பிடுங்குகிற அறை.

சுபாஜினி டீச்சர் நாற்பது வயதுக்காரர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு எழுந்து நின்றார்.

"வாங்க ஐயா. இருங்கோ."

"நிக்கிறேன். எம் பேத்தி மிஷெல் இங்க எதுக்கு வாரா?"

"மிஷெல் அருமையான பிள்ளை ஐயா. படிப்பிலயும் ஒரு குறையுமில்ல."

"நான் அதக் கேக்கல."

"தெரியுது ஐயா. ஆனா இங்க வாற பிள்ளைகள் கதைக்கிறத நான் வெளிய சொல்லேலாது. இந்த ரூமுக்கு இருக்கிற மரியாதையே அதுதான்."

'கதைக்கிற' என்ற சொல்லைக் கஸ்பார் பிடித்துக்கொண்டார். "சிலோன்காரவங்களா?"

"அப்பப்பா காலத்தில வந்தவை. நான் ஈப்போவில பிறந்தனான். அப்பா ரயில்வேயில இருந்தவர்."

"எங்க தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதுன கிராணியும் ஒங்க ஆளுதான். ரொம்பப் படிச்சவரு. வாயத் திறந்து ஒரு வார்த்த பேச மாட்டாரு. ஆனா லயத்துல யாரு வீட்டுல என்னா நடந்தாலும் மறுநாளே தொர காதுக்குப் போயிரும்."

சுபாஜினி கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. "அப்பிடியும் ஆக்கள் இருந்திருப்பினம் ஐயா. இங்க இருந்து எந்தத் துரைக்கும் போகாது. ஒரு பிள்ளைக்கு ஆபத்தெண்டா மட்டும் போக வேண்டிய இடத்துக்குப் போகும். அதப் பிள்ளைக்கும் முதலே சொல்லித்தான் இருக்கிறன்."

"ஆபத்தா? என்னா ஆபத்து?"

"பொதுவாச் சொன்னன் ஐயா."

"பொதுவா யாரும் ஆபத்துன்னு சொல்ல மாட்டாங்க டீச்சர்."

சுபாஜினி கெத்திலின் மேல் கையை வைத்து, பிறகு எடுத்துக்கொண்டார். "ஒண்டு மட்டும் கேக்கிறன். மிஷெல வீட்டில நெருக்காதைங்கோ. இந்தக் கிழமை மட்டுமாவது. அவளால உங்கட குடும்பத்துக்கு ஒரு குறையும் வராது. அத நான் சொல்லலாம்."

இந்தக் கிழமை மட்டும் ஏன்? அடுத்த வாரம் என்ன நடக்கப் போகிறது? வாசலில் காவல்காரரிடம் நுழைவு அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போதும், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோதும் அதே கேள்விதான். ஒன்றும் இல்லாத இடத்தில் இவ்வளவு பூட்டு எதற்கு?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தர்மேந்திரன் ஒரு கட்டு ரம்புத்தானோடு வந்தான். சொந்தமாக லோரி வைத்து ஓட்டுகிறவன், கோயில் கமிட்டி, பள்ளிப் பெற்றோர் கமிட்டி இரண்டிலும் இருக்கிறான். மனைவி போனபிறகு வேறு கல்யாணம் கட்டாமல் மகளை வளர்க்கிறான் என்று தாமானே அவனைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லும். இந்தக் காலத்திலும் அவரை 'மண்டோரய்யா' என்று கூப்பிட்டு, சொன்னபிறகே உட்காருகிறவன்.

"மரத்துல பழுத்துக் கொட்டுது மண்டோரய்யா. ஒங்களுக்கு இல்லாம யாருக்கு?"

"உட்காருப்பா. பெட்ரீசியா, கோப்பி போடு."

உள்ளே தினேஸ்வரி சோற்றில் கை வைத்திருந்தாள். அப்பாவின் குரல் கேட்டதும் தட்டில் கை ஓய்ந்தது. கஸ்பாருக்கு வாசலிலிருந்து அது தெரிந்தது. அப்பன் குரலுக்கு இவ்வளவு மரியாதை வைத்திருக்கிற பிள்ளை என்று நினைத்தார்.

தர்மேந்திரன் குரலைத் தாழ்த்தினான். "ஒரு விசயம் காதுல விழுந்திச்சு. தப்பா எடுத்துக்காதீங்க. மிஷெல் அந்த கவுன்சலிங் ரூமுக்குப் போறாளாம்ல."

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுதுலா. அவ எம் மகளையும் கூட இழுத்துட்டுப் போறதாச் சொல்றாங்க. எனக்கு மனசு கேக்கல. மண்டோரய்யா வீட்டுப் பிள்ளை அப்படிச் செய்யாதே. ஒருவேள வேற எவளுக்காவது துணைக்குப் போறாளோ என்னமோ. பாவம், அடுத்தவ அசிங்கத்த இவ சுமக்குறாளோ?"

கஸ்பார் நிமிர்ந்தார். இது அவருக்குத் தோன்றாமல் போய்விட்டது. தோன்றியதும் மார்பில் இறங்கியிருந்த கல் ஒன்று நகர்ந்தது போல இருந்தது.

"அந்தச் சிலோன் டீச்சர் வாயத் திறக்க மாட்டேங்குது தர்மேந்திரா."

"தனியாக் கேட்டா திறக்காது. நாளைக்கு எஸ்.பி.எம். பரீட்சைக் கூட்டத்துக்குத் தமிழ்ப் பேரண்ட்ஸ் எல்லாம் வாராங்க. எல்லார் முன்னுக்கும் கேளுங்க. அது யாருன்னு தெரிஞ்சிருச்சின்னா ஒங்க பிள்ளை பேரு சுத்தமாயிரும். நான் கேட்டா நல்லா இருக்காது, கமிட்டில இருக்கேன். நீங்க பெரியவரு. ஒங்களுக்குப் பதில் சொல்லித்தானே ஆகணும்."

அவன் கோப்பியைக் குடித்து முடித்து, "தினேஸ், வா, போலாம்" என்றான். கையைக் கழுவாமலேயே அவள் பின்வாசல் வழியாகச் சுற்றி ஓடிவந்தாள்.

எல்லார் முன்னுக்கும் கேட்பது என்ற பேச்சு கஸ்பாருக்குப் புதிதல்ல. ஊசிமலையில் விடிகாலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டு, பேர் கூப்பிட்டு மர நிரை பிரித்துக் கொடுப்பதோடு முடிவதில்லை. ஒரு வீட்டின் மேல் ஏதாவது பேச்சு கிளம்பிவிட்டால், மறுநாள் பெரட்டில், பால்வெட்டுக் கத்தியும் வாளியுமாக எல்லாரும் நிற்கும்போது, மண்டோர் நடுவில் வந்து கேட்பார். இன்னார் வீட்டைப் பற்றி ஒரு பேச்சு ஓடுகிறது, கண்டவன் முன்னால் வந்து சொல். அநேகமாக யாரும் வரமாட்டார்கள். வராவிட்டால் பேச்சு அங்கேயே செத்தது. அப்படிக் கேட்கும்போது கஸ்பார் குற்றம் சாட்டப்பட்டவனைப் பார்க்கவே மாட்டார். மற்றவர்களின் தோள்களைப் பார்ப்பார். வேறொருவன் பெயர் அடிபட்டதும் எவன் தோள் இறங்க மூச்சு விடுகிறானோ, அவன்தான் ஆள். இதில் அவர் தவறியது அபூர்வம்.

சனிக்கிழமை பள்ளி மண்டபத்தில் மின்விசிறிகள் சத்தத்தோடு சுற்றின. ஈப்போவிலிருந்து வந்த பேச்சாளர் படிப்பில் தன்முனைப்பு பற்றி நெடுநேரம் பேசி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். வெளியே மேசையில் மீ நூடுல்ஸும் சிராப் தண்ணீரும் தயாராக இருந்ததால் எல்லாருக்கும் அந்தப் பக்கமே கண். கேள்வி ஏதும் உண்டா என்று துணைத் தலைமையாசிரியர் கேட்டார். கஸ்பார் எழுந்தார். பெட்ரீசியா அவர் சட்டையைப் பிடித்தாள்.

"மாமா, வேணாம்."

அவர் கையை விலக்கிவிட்டு நடைவழிக்கு வந்து நின்றார். மைக் வாங்கவில்லை. அவர் குரலுக்கு மைக் எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை.

"எம் பேரு கஸ்பார். ஊசிமலைத் தோட்டத்துல மண்டோரா இருந்தவன். இங்க உள்ள பாதிப் பேருக்கு என்னையத் தெரியும். எங்க வீட்டு மேல இதுவரைக்கும் ஒரு சொல்லு விழுந்ததில்ல. இப்ப எம் பேத்தி மிஷெலப் பத்தி ஒரு பேச்சு ஓடுது. கவுன்சலிங் ரூமுக்குப் போறாளாம், கதவச் சாத்திக்கிறாளாம். சரி. டீச்சர் இங்கதான் இருக்காங்க. எம் பேத்திக்கு ஒரு கோளாறும் இல்லன்னு எல்லார் முன்னுக்கும் சொல்லட்டும். இல்ல, வேற யாருக்கோ துணைக்குத்தான் போனான்னா, அது யாரு வீட்டுப் பிள்ளைன்னு சொல்லட்டும்."

மண்டபம் அடங்கியது. சுபாஜினி டீச்சர் சுவரோரத்திலிருந்து முன்னால் வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஐயா, இதப்பற்றி இங்க கதைக்கேலாது. தயவு செய்து."

"பாத்தியா, மூடுறாங்க" என்றது ஒரு குரல். "அப்ப ஏதோ இருக்குலா" என்றது இன்னொன்று.

முன்வரிசையில் இருந்த தர்மேந்திரன் பாதி எழுந்தான். "டீச்சர், பெரிய மனுசரு கேக்குறாரு. யாருன்னு ஒரு பேரச் சொல்லிட்டா முடிஞ்சிச்சு. அவரு மனசு ஆறும்."

அவன் பக்கத்தில் தினேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். இரண்டு சட்டைக் கைகளின் நுனியையும் விரல்களுக்குள் இழுத்து மூடிப் பிடித்திருந்தாள். கண் எங்கேயும் இல்லை.

"நான்தான் தாத்தா."

திரும்பினார். பெட்ரீசியாவின் பக்கத்தில் மிஷெல் எழுந்து நின்றிருந்தாள்.

"எனக்குத்தான். நான்தான் போனேன். யாருக்கும் துணைக்குப் போகல. எனக்கு... மனசு சரியில்ல. ராத்திரி தூக்கம் வரல. அழுகையா வருது. அதுக்குத்தான் டீச்சர்ட்ட போறேன். தினேஸ்தான் எனக்குத் துணைக்கு வந்தா."

அவள் முதுகு நிமிர்ந்தே இருந்தது. பின்னால் யாரோ, "பாவம்லா" என்றார்கள். கஸ்பாரின் வீட்டை நோக்கி அந்தச் சொல்லை அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. ராத்திரியெல்லாம் தூங்குகிற பிள்ளை. அடுத்த அறையில் அவள் மூச்சு அவருக்குக் கேட்கும். அழுதவள் இல்லை. ஏன் பொய் சொல்கிறாள்?

பழக்கம் விடவில்லை. பேத்தியைப் பார்க்காமல் அவர் கண் கூட்டத்தின் தோள்களுக்குப் போனது.

சரளாவின் தோள் ஆவலில் முன்னால் சாய்ந்திருந்தது. மற்றவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒரே ஒரு தோள் இறங்கியது. தர்மேந்திரன் நாற்காலியில் சாய்ந்து, கால்களை நீட்டி, வாயால் மெதுவாக மூச்சை விட்டான். பிறகு பக்கத்தில் இருந்த மகளின் கையைத் தட்டிக்கொடுத்தான். அவன் கை பட்டதும் அவள் உடம்பு ஒரு பக்கமாகச் சுருங்கியது.

பாஜு கூரோங். புழுக்கத்திலும் நீளக்கை. தட்டில் ஓய்ந்த கை. மழையில் சாப்பிடாமல் இறங்கிப் போனது. நான் அடக்கம் என்றேன். கஸ்பார் தர்மேந்திரனின் தோளிலிருந்து கண்ணை எடுத்தார்.

எல்லாரும் அவர் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். இப்போதும் ஒரு வார்த்தையில் வீட்டின் பெயரைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். எம் பேத்தி பொய் சொல்றா, அது இந்தா இருக்கிற பிள்ளைக்குத்தான் என்று கையை நீட்டினால் போதும். மிஷெல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு. அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று இப்போது அவருக்குத் தெரிந்தது.

"ஆமா" என்றார். தொண்டையைச் செருமினார். "ஆமா, எம் பேத்திக்குத்தான் மனசு சரியில்ல. எனக்குத் தெரியாமப் போச்சு. டீச்சர் பாத்துக்குறாங்க. நான் அவங்கள எல்லார் முன்னுக்கும் கேட்டது தப்பு."

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அது தணியும்வரை நின்றார். பிறகு முன்வரிசைக்கு நடந்தார்.

"தர்மேந்திரா."

"சொல்லுங்க மண்டோரய்யா."

"கேட்டேல்ல? எம் பேத்தி தனியா இருக்கக் கூடாது. அவளுக்கு இருக்கிற சிநேகிதி ஒம் மக ஒருத்திதான். ரெண்டு நாளைக்கு எங்க வீட்டுல அவ கூடப் படுத்துக்கட்டும்."

தர்மேந்திரனின் தோள் மறுபடி ஏறியது. "அதுக்கென்னா... ஆனா வீட்டுல சமைக்க ஆளில்லையே."

"ஒனக்குச் சோறு பெட்ரீசியா கொடுத்தனுப்புவா. சம்பல் காரமா வேணுமா, இல்லாம வேணுமா, அத மட்டும் சொல்லு."

சிலர் சிரித்தார்கள். "அனுப்புலா, தர்மேந்திரா, பெரியவரு வாய்விட்டுக் கேக்குறாரு" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர். அத்தனை கண்களும் பார்த்துக்கொண்டிருந்தன. அவனும் சிரித்தான். "ஒங்க பேச்ச மீற முடியுமா மண்டோரய்யா?"

"எந்திரிம்மா" என்றார் கஸ்பார், தினேஸ்வரியிடம். அவள் அப்பாவைப் பார்க்காமல் எழுந்தாள்.

வெளியே மீ மேசையின் அருகில் சுபாஜினி டீச்சர் அவர் பக்கமாக வந்து நின்றார்.

"திங்கக்கிழமை காலமை ரெண்டு பேரையும் நீங்களே கூட்டிக்கொண்டு வாறியளா ஐயா?"

"வாரேன்."

"மைலோ குடிக்கிறியளா?"

"வேணாம் டீச்சர்." நாலடி போய்த் திரும்பி, "திங்கக்கிழம குடிக்கிறேன்" என்றார்.

சாயங்காலம் மழை சீக்கிரமே வந்து ஓய்ந்திருந்தது. சமையலறையில் நெத்திலியை அலச உட்கார்ந்த தினேஸ்வரி, நீர் படாமல் இருக்கச் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். சுருட்டியபிறகுதான் மறந்துபோனதை உணர்ந்து இறக்கப் போனாள். பெட்ரீசியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்கையிலிருந்து முழங்கைக்கு மேல் வரை, பழையதும் புதியதுமாக, பெல்ட்டின் அகலத்தில் தடிப்புகள். வாசற்படியில் நின்ற கஸ்பார் பார்த்தார்.

"அவ சித்தி திங்கக்கிழம ஆயர் தாவார்லேருந்து வாராங்க தாத்தா" என்றாள் மிஷெல் மெதுவாக. "அவங்க கூட இருந்தாத்தான் வெல்ஃபேர்காரவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லுவேன்னா. அதுவரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாதுன்னு..." நிறுத்தினாள். "நான் சத்தியம் பண்ணியிருந்தேன்."

"ம்" என்றார்.

மிஷெலின் தலையைத் தொடலாம் என்று கை எழுந்தது. அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. மேசையிலிருந்த ரம்புத்தான் கட்டைத் தூக்கிக்கொண்டுபோய் வெளிக் குப்பைத் தொட்டியில் போட்டார். நாற்காலியை எடுத்துவந்து வாசல் கேட்டுக்கு உள்பக்கமாகக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார். கூட்டத்துக்குப் போட்ட சப்பாத்தை இன்னும் கழற்றவில்லை.

சரளா மடக்கிய குடையோடு வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பேத்திக்கு இப்ப எப்படிண்ணே? எனக்குக் கேட்டதுலேருந்து மனசே சரியில்ல. எங்க சின்னம்மா மகளுக்கும் இப்படித்தான் தலைக்கு ஏறிருச்சு. ஒங்க ஃபாதர்ட்ட சொல்லி ஒரு செபம் பண்ணுங்களேன்."

தாமானில் இனி எத்தனை வாசலில் இந்தக் கேள்வி நிற்கும் என்று கஸ்பாருக்குத் தெரியும். மாதா கோயிலில் பெஞ்சு பெஞ்சாகத் திரும்பிப் பார்ப்பார்கள். மிஷெலைப் பெண் கேட்டு வருகிற காலத்திலும் யாராவது ஞாபகப்படுத்துவார்கள்.

"பண்ணச் சொல்றேம்மா" என்றார்.

அவள் போனபின் தெருமுனையில் லோரி சத்தம் கேட்டது. தர்மேந்திரனின் லோரி. வழக்கமாக அவன் வீட்டோடு நின்றுவிடும். இன்று தாண்டி வந்தது. கேட்டின் எதிரில் வேகம் குறைந்து, என்ஜின் ஓடியபடியே நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் முகம் தெரியவில்லை, விளக்கு மட்டும் நேராக அவர் மேல் விழுந்தது. கஸ்பார் கையைத் தூக்கி வணக்கம் வைத்தார். எழுந்திருக்கவில்லை.

"யாரு மாமா?" என்று உள்ளேயிருந்து பெட்ரீசியா கேட்டாள்.

"யாரா இருந்தா என்னா? பிள்ளைங்கள உள்ள கூட்டிட்டுப் போயிக் கதவச் சாத்திக்க."